பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

  இந்தப் பட்டமளிப்பு விழாவில் வெயில் ஏறுவதற்குள் பேச்சை முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அங்கியும் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் அது நியாயமாகத்தான் படுகிறது.

என்னை அறிமுகம் செய்தவர் பெரிய நிறுவனங்களில் நான் வகித்த பதவிகளை வரிசையாகச் சொன்னார். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஐந்தாறு பேர் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் சின்னத் தொண்டு நிறுவனங்களோடு நெடுங்காலமாகப் பழகி வருகிறேன். சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், ஏரியைக் காக்கும் குழு என்று பலவகை. அங்கெல்லாம் தொழில்நுட்பம் என்றால் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்’ ஒருவன் இருப்பான். செயலாளர் முடிவெடுப்பார், ஆனால் அவருக்கு விஷயம் புரியாது. பையனுக்குப் புரியும், ஆனால் அவனைக் கூட்டத்துக்கே கூப்பிட மாட்டார்கள். பணமும் உழைப்பும் வீணாவது இந்த இடைவெளியில்தான் என்பது என் உறுதியான கருத்து.

சரியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. நிறுவனம் பெரியதுதான், ஆனால் ஒவ்வொரு மையமும் ஓர் அறை, ஒரு கணினி, உள்ளூர்த் தன்னார்வலர்கள், அவ்வளவே. வில்லியனூரில் தலைமை மையம். கணினியை இறக்குவதற்கு முன் கிராமத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று கேட்டார்கள். இடத்தை ஊர்தான் தரவேண்டும், எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரலாம் என்பவை நிபந்தனைகள். ஏம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது. தொலைபேசி இணைப்பை நம்ப முடியாததால் வயர்லெஸ் கருவி வைத்தார்கள். மின்சாரத்தை நம்ப முடியாததால் சோலார் வைத்தார்கள்.

வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது. அந்தக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடந்தது. தன்னார்வலர்கள் அதை எடுத்துத் தமிழில் சொல்ல, கரையோரம் கட்டிய ஒலிபெருக்கியில் அது ஒலித்தது. நம் ஊர்க் கல்யாண வீட்டில் கட்டுகிறோமே, அதே குழாய் ஸ்பீக்கர்தான். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் மீனவர் கணினியைத் தொடவே வேண்டியதில்லை; இருந்த இடத்திலேயே அவர் காதில் விழும். உத்தி என்று மேலாண்மைப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்தக் கரையில் ஒரு ஸ்பீக்கரில் முடித்துவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26 காலையில், பக்கத்து நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அந்த ஊர்க்காரர், முன்பு இதே திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர். சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு, உடனே ஊரைக் காலி செய்யுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் அங்கே பூட்டியிருந்த தகவல் மையத்தை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 500 குடும்பங்கள் இருந்த அந்த ஊரில் படகுகள் நாசமாயின, மனிதர்கள் பிழைத்தார்கள். மைக்கை எடுத்துப் பேச நிபுணர் யாரும் வரவேண்டியிருக்கவில்லை. எந்த அறையில் எது இருக்கிறது, எப்படிப் போடுவது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நான் தலைமை என்று சொல்வது இதைத்தான்.

கருவிக்கு முன் தேவையை யோசிக்கும் இந்தப் பழக்கம் எங்களுக்கு வேறு வழியில் வந்தது. நாங்கள் படித்த காலத்தில் கணினிக்கான நிரலைத் துளை அட்டைகளில்தான் கொடுப்போம். கல்லூரிக் கணினி அறை ஜன்னலில் அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருக்கவேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் இன்னொரு நாள் போச்சு.  அதனால் எதையும் முதலில் காகிதத்தில் எழுதிப் பார்ப்போம். இன்று ஒரு மாலைக்குள் ஒரு ஆப் செய்துவிடலாம். செய்துவிட்டுத்தான், இது யாருக்கு என்று யோசிக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறப்புப் பள்ளிக்கு ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் அழகான இணையதளம் செய்து கொடுத்தார். டொமைனைத் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். பிறகு வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அவர் இனிமேல் திறக்காத ஒரு முகவரியில் குவிந்தன. ஆண்டுக்கு ஓராயிரம் ரூபாய் விவகாரம்தான். காலாவதியான பெயரை யாரோ வாங்கிவிட்டார்கள். நன்கொடை தர நினைத்தவர் முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது! பள்ளியின் துண்டுப் பிரசுரம், ரசீது, பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் அந்த முகவரிதான். அந்த இளைஞர் நல்லவர், திறமைசாலி. பதிவு யார் பெயரில் என்று கேட்க நிர்வாகக் குழுவில் ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

இது இணையதளத்தோடு நிற்பதில்லை. இன்னோர் அமைப்பில், வருமானவரித் தளத்தில் நுழைய ஓ.டி.பி. போவது முன்னாள் செயலாளரின் செல்போனுக்கு. அவரோ கோபித்துக்கொண்டு விலகியவர். தளத்துக்குள் நுழைய முடியாமல், நன்கொடை விவரம் தரும் படிவத்தை மே 31-க்குள் தாக்கல் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். வெளிநாட்டு நிதி பெறுவோருக்கு, 2020 சட்டத்திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கிவிட்டது. அலுவலகக் கணினிக்கும் மென்பொருளுக்கும் அந்தச் சின்னப் பங்கிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்க வேண்டும். இந்த நிலையில், நன்கொடையாளர் தந்த பணத்தில் வாங்கிய மென்பொருளுக்கு மூன்றாம் ஆண்டுச் சந்தாவை யார் கட்டுவது என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது பொறுப்பின்மை. குழந்தைகளின் ஆதார் நகல் வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றுவதையும் பார்க்கிறேன். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோரின் சம்மதம் கேட்கிறது.

இருப்பதை எடுத்துப் பயன்படுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்திய சஹயோக் என்ற அமைப்பு ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்துகிறது. அங்கேதான் தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர்கள் ‘பாம்னி’ என்ற மருத்துவமனை மென்பொருளை முதலில் நிறுவினார்கள். ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் மேல் கட்டியது அது. இன்று வெளிநாட்டு மருத்துவமனைகளும் அதைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு அமைப்பும் தனக்கென்று ஒன்று செய்யப் புறப்பட்டிருந்தால் எதுவும் உருப்பட்டிருக்காது.

வேலைக்குப் போன முதல் ஆண்டிலேயே உங்கள் வீட்டருகே இருக்கும் ஒரு சின்ன அமைப்புக்குப் போங்கள். ஆப் செய்து தருகிறேன் என்று வாயைத் திறக்காதீர்கள். எந்தக் கணக்கு யார் பெயரில், எந்த எண்ணுக்கு ஓ.டி.பி. போகிறது, பாஸ்வேர்டு யாரிடம், புதுப்பிக்கும் தேதி எது என்று ஒரு நோட்டில் எழுதி, அறங்காவலர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். அதற்கு இந்தப் பட்டம்கூடத் தேவையில்லை. ஆனால் பட்டம் வாங்கியவர் சொன்னால்தான் நம் ஊரில் கேட்பார்கள். அதனால் போய்ச் சொல்லுங்கள்.