வகுப்பறைக்கு வரும் முஹாஜிர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரிலும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தினர், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

புதிய கல்வியாண்டு ஆரம்பமாகும்போது நமது பாடசாலைகளில் தரம் 1 பிள்ளைகளுக்குக் கால்கோள் விழா நடத்துகிறோம். மாலை அணிவித்து, இனிப்பு வழங்கி, மூத்த மாணவர்கள் கைபிடித்து அழைத்துச் செல்ல, அப்பிள்ளைகளை வரவேற்கிறோம். அழகான வழக்கம். ஆனால் அதே வாசலால் தரம் 6க்கும் பிள்ளைகள் புதிதாக வருகின்றனர். ஐந்தாம் தரத்துடன் முடிவடையும் ஆரம்பப் பாடசாலையிலிருந்து வருபவர் உண்டு; புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து தூர ஊரிலிருந்து வருபவர் உண்டு; தந்தையின் தொழில் மாறியதனால் தவணையின் நடுவிலே வந்து சேர்பவரும் உண்டு. இவர்களுக்கு மாலையுமில்லை, இனிப்புமில்லை. கடைசி வரிசையில் காலியாகக் கிடக்கும் கதிரையைக் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறோம். இன்று நான் பேச விரும்புவது இந்தப் பிள்ளையைப் பற்றியே.

நேயர்களே! கி.பி. 622இல் மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்களும் புதியவர்களாகவே வந்தனர். ஊரும் புதிது, தொழிலும் புதிது. நபி (ஸல்) அவர்கள் அவர்களைப் பார்த்து, "நீங்களாகவே பழகிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடவில்லை. அன்ஸார்களில் ஒருவரையும் முஹாஜிர்களில் ஒருவரையும் பெயர் குறித்துச் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். பொறுப்பு முதலில் யார் மீது வைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே அங்கு குடியிருந்தவர்கள் மீதே வைக்கப்பட்டது. தம்மிடம் ஹிஜ்ரத் செய்து வந்தோரை நேசித்தவர்கள் என்று அல்லாஹ் ஸூறதுல் ஹஷ்ரிலே அன்ஸார்களைச் சிறப்பித்துக் கூறுகின்றான்.

அவ்வாறு இணைக்கப்பட்டவர்களில் ஸஃத் பின் ரபீஃ (ரழி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களும் இருவர். தமது செல்வத்தில் பாதியைத் தர ஸஃத் (ரழி) முன்வந்தார்கள். மற்றவரோ அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டப்பட்டது. அன்றே வியாபாரம் செய்து சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும் சம்பாதித்துக்கொண்டு திரும்பினார்கள். இச்சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நமது வகுப்பறைக்கு வரும் முஹாஜிரும் யாருடைய சொத்திலும் பாதி கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய் எங்கே, மலசலகூடம் எங்கே, நூலகம் எந்த நாளில் திறக்கும், இடைவேளையில் எங்கே அமர்ந்து சாப்பிடலாம் என்று சொல்வதற்கு ஓர் அன்ஸாரித் தோழன் போதும். வகுப்பாசிரியர் பெயர் குறித்து ஒருவரை நியமித்தால் அது முடிந்துவிடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

புதியவர் தவறு செய்வார். முஆவியா பின் ஹகம் (ரழி) என்ற நபித்தோழர், தொழுகையில் தும்மியவருக்கு வாய்திறந்து துஆச் செய்துவிட்டார். அருகில் நின்றோர் முறைத்தனர், தொடைகளில் தட்டினர். தொழுகை முடிந்ததும் நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை என்பதை விளக்கினார்கள். அவர்களைப் போன்ற ஓர் ஆசிரியரை அதற்கு முன்னரும் பின்னரும் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழரே அறிவித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நமது மாணவத் தலைவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. சில இடங்களில் முறைப்பதும் தட்டுவதும்தான் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது!

இன்னொன்று, பட்டப்பெயர். ஸூறதுல் ஹுஜுராத் அதைத் தடுத்திருக்கிறது. ஆயினும் நமது சமூகத்திலேயே ஒரு சொல் பல்லாண்டுகள் பிள்ளைகளைக் காயப்படுத்தியது. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள், சுமார் 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சமடைந்தனர். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் திறந்து விட்டனர். அந்த உபகாரத்துக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் 'அகதி' என்ற பெயர் முகாம்களோடு நின்றுவிடவில்லை. புத்தளத்திலேயே பிறந்து, யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ கண்ணால் கண்டிராத பிள்ளையையும் அது தொடர்ந்தது. இடமில்லாமல் அல்ல, அந்தப் பெயர் அழைக்கப்பட்டதனாலேயே அப்பிள்ளை வெளியாளாக நின்றது.

அரசாங்கம் தர வேண்டியதைப் பெரும்பாலும் தருகிறது. 1945 முதல் இலவசக் கல்வி, 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் சீருடைத் துணி. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற சட்டமும் உண்டு. எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சீருடைதான். பின்னர், வசதிக் கட்டணம் செலுத்தாதவர்களை எழுப்பி நிற்க வைத்துப் பெயர் வாசிக்கும்போது அந்தச் சீருடை எதனை மறைக்கும்? கடன்பட்டவரின் மானத்தைக் காக்கச் சொன்ன மார்க்கத்தவர் நாம். பெற்றோரை அழைத்துத் தனியாகப் பேசினால் என்ன குறைந்துவிடும்? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரும் பழைய மாணவர் சங்கத்தினரும் நுழைவாயில் கட்டும் நிதியில் சிறிதளவை இதற்காக ஒதுக்குவது பற்றி ஆலோசிக்க வேண்டும்.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிய ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். சில நாட்கள் அவரைக் காணாதபோது நபியவர்கள் விசாரித்தார்கள். மரணித்துவிட்டார் என்றனர். அவரது விடயத்தைச் சிறிதாகக் கருதித் தோழர்கள் அறிவிக்காமல் விட்டிருந்தனர். "எனக்கு ஏன் சொல்லவில்லை" என்ற கருத்தில் கேட்டு, அவரது கப்றைத் தேடிச் சென்று தொழுகை நடத்தினார்கள். வரவு இடாப்பிலே 'வரவில்லை' என்று குறிப்பதும் காணாதவரைத் தேடுவதும் ஒன்றல்ல. மூன்று நாட்கள் ஒரு பிள்ளை வராவிட்டால், அதன் வீட்டுக்கு ஒரு மாணவனாவது போய், "உன்னைக் காணவில்லையே" என்று கேட்கட்டும். படிப்பை இடையில் விட்ட பல பிள்ளைகளைத் தேடி எவரும் போனதில்லை.

தாய்மாரே, தந்தைமாரே! இன்று உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும், எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன், வகுப்புக்குப் புதிதாக யார் வந்திருக்கிறார், அவருடைய பெயர் என்ன, இடைவேளையில் யாரோடு சாப்பிட்டார் என்று கேளுங்கள். பெயர் தெரியாது என்றால் நாளைக்குக் கேட்டுவரச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு பிடி கூடுதலாக வைத்து அனுப்புங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.