பொதுப் பணமும் நம்ம சாமியும்



எங்க குழுவுல 12 பேர். 11 பேர் மாரியம்மனைக் கும்பிடுறவங்க. ஒரு அக்கா தொழுகிறவங்க. ஒரு ஆடி மாசம், கோயில் கூழுக்குக் குழு சேமிப்பிலிருந்து 5,000 ரூபாய் கொடுக்கலாம்னு ஊக்குநரான நானே சொன்னேன். எல்லாரும் கை தூக்கினாங்க. அந்த அக்காவும் தூக்கினாங்க. ஆனா தலை நிமிரல.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்தப் பணத்துல அவங்க பீடி சுத்திச் சேர்த்த காசும் இருக்கே!

நம்ம அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, அவரவர் மதத்தைப் பின்பற்ற உரிமை கொடுக்குது. 27-ஆவது பிரிவு, ஒரு மதத்தை வளர்க்க யாரையும் வரி கட்ட வற்புறுத்தக் கூடாதுன்னு சொல்லுது. அது அரசாங்கத்துக்குச் சொன்னது. ஆனா, நியாயம் குழுவுக்கும் ஒண்ணுதானே?

அடுத்த கூட்டத்துல தீர்மானத்தை மாத்தி எழுதினோம். விருப்பப்பட்டவங்க சொந்தக் கையிலிருந்து கொடுக்கிறது, சேமிப்பைத் தொடுறதில்லை. நானும் அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

கூழ் ஊத்துற அன்னிக்கு அவங்க ரெண்டு படி கம்பு கொண்டுவந்தாங்க. யாரும் கேட்கல. கொண்டுவராம இருந்திருந்தாலும் அவங்க நம்மவங்கதான்.

பக்தியை வாசல்ல விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்லல. பொதுப் பணத்துல, பொது முடிவுல மட்டும் எல்லாரையும் நினைச்சுப் பார்ப்போம்.