எட்டு ஆண்டும் பத்து ஆண்டும்

 

வேலையும் மார்க்கமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆலிம்கள் இருக்கும் சபை இது. விளக்கத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வேலைக்கு வருபவரிடம் நாம் முதலில் சொல்லும் சொல் அமானிதம். நேரத்துக்கு வா, கணக்கில் பிசகாதே, யாரும் பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான். சரிதான். மூஸா நபியைக் கூலிக்கு அமர்த்தச் சொன்ன மத்யன் பெண்ணும் வலிமை, நம்பிக்கை என்ற இரண்டைத்தான் சொன்னார். ஆனால் அல்கஸஸ் அத்தியாயத்தில் அடுத்த வசனத்தையும் பாருங்கள். அப்பெண்ணின் தந்தை எட்டு ஆண்டு என்று தவணை பேசுகிறார். பத்தாக்குவது உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர எனக்கு எண்ணமில்லை என்கிறார். மூஸா நபி நீண்ட தவணையையே முடித்தார் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்தது புகாரியில் இருக்கிறது. கூடுதலான அந்த இரண்டு ஆண்டு யாரும் கேட்டு வாங்கியதல்ல.

பாலிடெக்னிக் படித்த பழக்கத்தில் இன்னொன்றும் சொல்கிறேன். வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் எழுதினார்: மனம் ஒன்றி வேலை செய்ய, செய்வதில் அர்த்தம் தெரிய வேண்டும்; வாய் திறந்தால் கெடுதல் வராது என்ற தைரியம் வேண்டும்; உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். நம் கடைகளில் நடுவில் உள்ளதுதான் பஞ்சம். ஊரிலிருந்து வந்த பையனின் பெர்மிட் முதலாளி கையில். அரிசி மூட்டையில் வண்டு விழுந்ததைக் கண்டாலும், திட்டு விழுமே என்று பேசாமல் இருந்துவிடுவான். நஷ்டம் யாருக்கு?

சம்பளமும் அப்படியே. மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம். வியர்வை உலரும் முன்பே கூலி போய்ச் சேர வேண்டும் என்பது நபிமொழி. வாடகை ஏறியது எனக்கும் தெரியும், நானும் கட்டுகிறவன்தான். அது பையனின் வீட்டுக்குத் தெரியாது, அங்கே பணம் எதிர்பார்த்திருப்பார்கள்.

நம் பிள்ளைகள் கடைக்கு வர மறுக்கிறார்கள் என்று பல வீடுகளில் வருத்தம். கடைப் பையனிடம் நாம் பேசும் விதத்தைப் பார்த்தே அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள்.

எங்கள் கடையில் சனிக்கிழமை கதவை இழுத்துவிட்டதும் கால் மணி நேரம் தேநீரோடு உட்காருவோம். பையன்கள் பேசுவார்கள், நான் எழுதிக்கொள்வேன். போன ரமலானில் பேரீச்சம்பழத்தைச் சிறு பொட்டலமாகப் போடச் சொன்னது சரக்கு அடுக்கும் தம்பி. இருபத்தேழாம் கிழமைக்குள் எல்லாம் விற்றுவிட்டது. இந்த வருஷம் எத்தனை பெட்டி எடுப்பது என்பதையும் அவரிடமே விட்டிருக்கிறேன்.