கருடனுக்குக் கோழித்தோல் எதற்கு?



பாசிர் கூடாங்கில் குடியிருப்பவர்களுக்குக் கடல் ஒன்றும் புதிதல்ல. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைப் பார்த்துத்தான் பொழுது விடிகிறது. எண்ணெய் ஆலையின் வாடையோடுதான் பொழுது சாய்கிறது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் உபின் தீவு. அது கருங்கல் தீவு. கல்லுடைத்துக் கல்லுடைத்துக் குழியான இடங்களில் இன்று தண்ணீர் நிற்கிறது. தீவையும் கடலையும் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டு, 800 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து லங்காவிக்குப் போக வேண்டுமா என்று அங்குள்ள குடும்பத் தலைவர் ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனாலும் போகிறார்கள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும். இரவு விரைவுப் பேருந்தில் ஏறி, நாட்டின் தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலைக்குப் போய், கோல பெர்லிஸில் இறங்கிப் பெர்ரி பிடித்தால் லங்காவி. எதற்காக? 1987-ஆம் ஆண்டில் அது வரியில்லாத் தீவாக அறிவிக்கப்பட்டது. சாக்லேட் மலிவு, கண்ணாடிப் பாத்திரம் மலிவு. மூன்று நாள் பயணத்தில் இரண்டு நாள் கடைகளுக்கு. மிஞ்சிய ஒரு நாள்தான் படகுக்கு. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அப்படிப் போகும் ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கணவர் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே பாட்டி. காலையில் லங்காவியின் வடகிழக்கே கிலிம் ஆற்றுப் படகுத்துறைக்கு வருகிறார்கள். பத்துப் பேர் உட்காரும் சிறிய படகு. ஆளுக்கொரு மிதவைச் சட்டை. இங்கே படகுச் சுற்றுலா வளர்ந்ததில் கிலிம் கிராமத்தாரின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மீன் பிடித்துப் பிழைத்த ஊரில் படகோட்டிப் பிழைக்கும் வழி பிறந்தது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்; பிறகு தேவைப்படும்.

படகு நகர்ந்ததும் இரு பக்கமும் அலையாத்திக் காடு. அதற்குப் பின்னால் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள். பாறை இடுக்கில் மரம், மரத்தில் குரங்கு. பிள்ளைகள் குரங்கைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பாறையை! 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறை அது. ஆழமில்லாத வெப்பக் கடலின் அடியில் சிப்பிகளும் சிற்றுயிர்களும் செத்துப் படிந்து, சுண்ணாம்புச் சேறாகி, இறுகிக் கல்லானது. நிலம் மேலெழுந்தபோது அந்தக் கடலடி குன்றானது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்பு அதில் கரைகிறது. கருங்கல்லில் நடக்காத வேலை இது. அதனால்தான் உபின் தீவில் இல்லாத குகையும் கூர்முனையும் கிலிமில் உண்டு. நீர்மட்டத்தில் பாறையின் கால் அரிக்கப்பட்டு, மேல்பகுதி குடைபோல நீட்டிக்கொண்டிருக்கும். தீவே விழுந்துவிடுமோ என்று தோன்றும்.

இன்னொரு செய்தி. சிமெண்டுக்கு மூலப்பொருள் இதே சுண்ணாம்புக்கல்தான். லங்காவியிலேயே தெலோக் ஏவாவில் சிமெண்டு ஆலை உண்டு; பாசிர் கூடாங்கிலும் சிமெண்டு அரைக்கும் ஆலை உண்டு. வீட்டுச் சுவரில் இருப்பதும் படகிலிருந்து அண்ணாந்து பார்ப்பதும் ஒரே சாதிக் கல். அந்த வெல்டருக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் இன்னும் உற்றுப் பார்த்திருப்பார். படகில் சொல்வார் இல்லை.

முதல் நிறுத்தம் வௌவால் குகை. மரப்பலகைப் பாதையில் குனிந்து நடக்க வேண்டும். கூரையில் கொத்துக் கொத்தாக வௌவால். கைவிளக்கை மேலே அடித்து, "இதோ, இதோ" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். பகலில் தூங்கும் உயிரைக் கத்தி எழுப்புகிறோமே என்று பெரியவர்களுக்கும் தோன்றுவதில்லை. சுண்ணாம்புக் குகைகளில் தங்கித் தேன் குடிக்கும் ஒரு வௌவால் இனம்தான் டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்க்கிறது. பூ இரவில் மலர்கிறது. வௌவால் இரவில் வருகிறது. குகை கெட்டால் தோட்டத்தில் காய்ப்பு குறையும். ஜொகூர்க்காரர்களிடம் டுரியானைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மிதக்கும் மீன்பண்ணையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருக்கையைத் தொட்டுப் பார்க்கலாம், பாட்டி தொடவில்லை.

அடுத்ததுதான் எல்லாரும் காத்திருக்கும் காட்சி. ஆறு அகன்ற இடத்தில் படகு நிற்கிறது. இயந்திரம் உறுமி நீரைக் கலக்குகிறது. எங்கிருந்தோ பருந்துகள் வருகின்றன. பத்து, இருபது, முப்பது. செம்மண் நிற உடல், வெள்ளைத் தலை. மலாய்க்காரர்களுக்கு அது ஹெலாங். லங்காவி என்ற பெயரே அந்தப் பறவையிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. பாட்டிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கருடன்டா!" என்றார் பேரனிடம். ஆம், கோயில் கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே ஒரு முறையாவது வட்டமிடாதா என்று கூட்டமே அண்ணாந்து காத்திருக்குமே, அதே பறவை.

பக்கத்துப் படகிலிருந்து எதையோ அள்ளி வீசினார்கள். வெள்ளையாக மிதந்தது. கோழித்தோல். கருடன்கள் பாய்ந்து பாய்ந்து பொறுக்கின. கைத்தட்டல் எழுந்தது. பாட்டி மட்டும் கேட்டார்: "கருடனுக்குப் போய்க் கோழித்தோலா?"

பாட்டி கேட்டது பக்தியில். ஆனால் இயற்கை ஆர்வலர்களும் பல ஆண்டுகளாக அதையேதான் கேட்டு வருகிறார்கள். இந்தப் பறவைக்கு இயல்பான உணவு மீன், நண்டு, கரையொதுங்கிய செத்த உயிர்கள். கோழித்தோல் வெறும் கொழுப்பு. இயந்திரச் சத்தம் கேட்டால் சாப்பாடு என்று பழகிய பறவை குஞ்சுக்கு வேட்டையை எப்படிக் கற்றுக்கொடுக்கும்? சில படகுகளில் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். "கழுகுக்கு உணவு போடுவீர்களா?" என்று கேட்டுத்தான் பலர் படகு பேசுகிறார்கள் என்றால், விட்டவர்களின் பிழைப்பு என்னாகும்? கிராமத்தாரின் பிழைப்பை மறக்க வேண்டாம் என்று முன்பே சொன்னது இதற்காகத்தான். குற்றவாளிக் கூண்டில் படகோட்டியை மட்டும் ஏற்றுவது நியாயமல்ல.

வேகமும் அப்படித்தான். படகு சீறிப் பாய்ந்தால் பிள்ளைகளுக்குக் குதூகலம். அந்த அலை கரையில் போய் மோதி அலையாத்தி மரங்களின் வேரடி மண்ணைக் கரைக்கிறது. வேர் வெளியே தெரிய மரங்கள் ஆற்றுக்குள் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை லங்காவியையும் தாக்கியது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். கடல் சீறும்போது அலையின் வேகத்தைக் குறைத்துக்கொடுப்பது இந்தக் காடுதான். அதைத்தான் உல்லாசப் படகின் சின்ன அலை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

பாசிர் கூடாங் மக்களுக்கு ஆறு கெடுவதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவு, ஊரையே மூச்சுத் திணற வைத்தது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினர். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். விஷத்தைக் கொட்டுவதும் கோழித்தோலைக் கொட்டுவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆனால் ஆற்றின் அருமை, ஒரு முறை அதை இழந்து தவித்தவருக்குத்தான் தெரியும். அந்த வெல்டரின் மகள் அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி என்று வைத்துக்கொண்டால், கிலிம் ஆற்றைப் பார்க்கும் அவள் கண் வேறாகத்தானே இருக்கும்?

கெட்டது திருந்துமா என்றால், திருந்திய இடமும் உண்டு. தாய்லாந்தின் பீ பீ லே தீவில் மாயா விரிகுடா. அதுவும் சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த இடம். 2000-இல் 'தி பீச்' என்ற ஆங்கிலப் படம் வந்தபின் நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் குவிந்தனர். படகு நங்கூரங்கள் பவளத்தை நொறுக்கின. 2018 ஜூன் மாதம் அரசாங்கம் விரிகுடாவை மூடியது. மூன்றரை ஆண்டுகள்! 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் உள்ளே வரக் கூடாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும் என்று விதி செய்தார்கள். இடையில், துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்துவிட்டன. பயணிகளும் திரும்பி வந்தார்கள். கட்டுப்பாடு வந்தால் தொழில் படுத்துவிடும் என்பவர்கள் அந்தத் தீவுக்கு ஒரு நடை போய் வரலாம்.

லங்காவி 2007-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்ற புவிப்பூங்கா. தென்கிழக்காசியாவில் அந்தப் பெருமை முதலில் அதற்குத்தான் கிடைத்தது. பாறையில் பெரிய எழுத்தில் கிலிம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்; எல்லாரும் அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாறை என்ன கதை சொல்கிறது என்று கேட்பவர் குறைவு. கேட்டால், சொல்லத் தெரிந்த படகோட்டிக்கு மதிப்பு கூடும். வீசுவதற்குக் கோழித்தோல் தேடும் அவசியமும் அவருக்கு இருக்காது.

மாலையில் திரும்பும் வழியில் படகோட்டி இயந்திரத்தை முடுக்கினார். அந்த அம்மா சரளமாக மலாய் பேசுபவர். "அபாங், பெலான் பெலான்," என்றார். மெதுவாகப் போகச் சொன்னால் நேரமாகும், அடுத்த ஆட்கள் துறையில் காத்திருப்பார்கள் என்று அவர் தயங்கினார். "பரவாயில்லை, அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்," என்றார் கணவர். படகோட்டி சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். இயந்திரச் சத்தம் தணிந்ததும் குகைக்கூரையிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. படகோட்டியும் பேச ஆரம்பித்தார்: அவருடைய அப்பா எந்தப் பாறை நிழலில் வலை போட்டார், எந்த வேரடியில் நண்டு கிடைக்கும் என்று. பாட்டிக்கு மலாய் பாதிதான் புரியும். இருந்தும் தலையாட்டிக்கொண்டே வந்தார். மேலே ஒரே ஒரு கருடன். அது எதையும் எதிர்பார்க்கவில்லை. நீரைத் தொட்டு ஒரு மீனோடு எழுந்து போனது.

துறைக்கு வந்துசேர இருபது நிமிடம் தாமதம். சாக்லேட் கடைக்குப் போகும் வேன்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.