வட்டுக்கோட்டையில் எழுந்த வினா



1855ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து இரண்டு பெரியவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். ஒருவர் றூபஸ் அன்டர்சன். பொஸ்ரன் நகரில் இயங்கிய அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர். மற்றவர் அவருக்குத் துணையாக வந்த தொம்சன் என்னும் போதகர். இவ்விருவரும் நாடு பார்க்க வந்தவர்களல்லர். கணக்குப் பார்க்க வந்தவர்கள். 1816ஆம் ஆண்டு முதல் இக்குடாநாட்டிலே தம் சங்கம் செலவிட்ட பணத்துக்கும், இம்மண்ணிலேயே உயிர் நீத்த ஊழியர்களின் உழைப்புக்கும் விளைந்த பலன் யாது என்பதே அவர்கள் கேட்ட வினா. திருச்சபையின் பணி யாது, அதன் பயனை எதைக்கொண்டு அளப்பது என்று சிந்திப்போர் இன்றும் அந்த வினாவைத் தாண்டிப் போக முடியாது.

அவர்களின் ஆராய்ச்சிக்கு முதன்மையாக இலக்கானது வட்டுக்கோட்டைச் செமினரி. 1823ஆம் ஆண்டிலே டானியல் பூர் என்னும் மிஷனரியார் அதனைத் தொடங்கினார். உள்ளூர்ப் போதகர்களையும் உபதேசிமாரையும் பயிற்றுவிப்பதே தலையாய நோக்கம். அதற்கு ஓர் உடனடித் தேவையும் இருந்தது. 1820ஆம் ஆண்டில், அன்று இந்நாட்டை ஆண்ட எட்வேட் பார்ன்ஸ், அமெரிக்காவிலிருந்து மேலும் மிஷனரிமார் வந்திறங்குவதற்கு அனுமதி மறுத்துவிட்டார். அயலிலிருந்து ஆள் வரமுடியாதாயின் உள்ளூரிலேதான் ஆளை உருவாக்க வேண்டும். ஆளுநரின் தடை இல்லாதிருந்தால் அச்செமினரி அத்துணை விரைவில் உயர்ந்திருக்குமோ என்பது எனக்கு ஐயமே.

அங்கே கற்பித்தவை வேதாகமம் மட்டுமல்ல. ஆங்கிலம், தமிழ், வடமொழி, கணிதம், வானசாத்திரம் யாவும் கற்பிக்கப்பட்டன. வானசாத்திரத்துக்கு அத்துணை இடம் அளிக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. புராணங்கள் கூறும் அண்டகோளம் பிழையென்று காட்டிவிட்டால், அவற்றின் மேல் நின்ற சமயமும் தானே சாயும் என்று பூர் நம்பினார். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றிப் பஞ்சாங்கம் சொன்ன கணிப்பு வழுவுடையதென எடுத்துக்காட்டிப் பெரும் வாதம் நடத்தினார். ஊரார் கிரகணத்தைப் பார்த்தனர்; பூர் சொன்னது சரியென்பதையும் கண்டனர்; மறுநாட்காலை வழமைபோலக் கோயிலுக்கும் சென்றனர். கணக்குப் பிழைத்தால் கணக்கைத் திருத்தலாம், கடவுளைக் கைவிடுவானேன் என்பதே அவர்களின் எண்ணம் போலும்.

இனிப் பெயர்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மிஷன் விடுதியிற் சேர்ந்த பிள்ளைகள் பலரின் செலவை அமெரிக்காவிலிருந்த அன்பர்கள் ஏற்றனர். பொருள் உதவியவரின் பெயரோ அவர் விரும்பிய ஒருவரின் பெயரோ பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. இவ்வாறே சதாசிவம்பிள்ளை ஆணல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். சிறுப்பிட்டி வைரவநாதரின் மகன் தாமோதரம்பிள்ளை கிங்ஸ்பெரி ஆனார். பாடசாலைச் சேர்வு இடாப்பிலே பிள்ளையின் பெயரை எழுதும் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். தாயும் தந்தையும் இட்ட பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் என் மனம் ஒப்பாது. அன்றைய ஊழியர்கள் எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்திருந்தாலும், இது ஒன்றை மட்டும் நான் ஏற்பதற்கில்லை. சுவிசேஷம் ஒரு பிள்ளையிடம் அவனுடைய பெயரைக் கேட்கவில்லை. சந்தா செலுத்தியவர்களே கேட்டார்கள்.

அப்பெயர்களைத் தாங்கியவர்களின் வரலாறோ எவர் கணக்கிலும் அடங்குவதன்று. 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் இருவர். அவர்களே தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். ஆணல்ட் சதாசிவம்பிள்ளை கிறிஸ்தவராகவே வாழ்ந்து, 1886ஆம் ஆண்டிலே பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலால் தமிழ்ப் புலவர் பலரின் வரலாற்றை நமக்கு வைத்துச் சென்றார். தாமோதரம்பிள்ளையோ சைவத்துக்கு மீண்டார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். மிஷன் இடாப்பிலே அவர் ஓர் இழப்பு. தமிழின் இடாப்பிலே அவர் எத்தகைய வரவு! அம்மட்டோடும் கதை முடியவில்லை. அவர் மகன் அழகசுந்தரம், தந்தை கைவிட்ட சமயத்தைத் தாமே விரும்பித் தழுவிப் போதகரானார். தந்தை களைந்த பெயரையும் எடுத்துக்கொண்டு பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என விளங்கினார். இவற்றையெல்லாம் எந்த ஆண்டறிக்கையின் எந்தப் பத்தியில் எழுதுவது?

அன்டர்சன் இவற்றைக் காணும் காலத்தில் வந்தவரல்லர். அவர் கண்டது வேறு. செமினரியிற் படித்தோரிற் பலர் ஆங்கிலக் கல்வியின் வலிமையால் அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றனர். பிரசங்கபீடம் ஏறியவர் சிலரே. திருச்சபை தன் காலில் நிற்கவேண்டும், தன்னைத் தானே ஆளவேண்டும், தன் செலவைத் தானே தாங்கவேண்டும், தானே பிறருக்கு அறிவிக்கவேண்டும் என்பது அன்டர்சனின் கொள்கை. அதற்கு வேண்டுவன தாய்மொழியிற் கற்ற போதகரும் தாய்மொழியிற் கற்கும் சபையுமே என்று அவர் துணிந்தார். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது.

இம்முடிவில் சரிபாதியை நான் ஒப்புகிறேன். தாய்மொழி பற்றி அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் ஒரு கல்விச்சாலையின் பயனை, அதிற் படித்தோரிற் போதகரானவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணி அளந்தது குறுகிய அளவை. ஊரவர் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. அவர்களுடைய வேண்டுகோளும் பொருளுதவியும் சேரவே 1872ஆம் ஆண்டில் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

அன்டர்சன் தாய்மொழி பற்றிச் சொன்னதை, அவர் எண்ணியிராத ஒரு துறையிலே நிறைவேற்றிக் காட்டியவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். இவர் 1847ஆம் ஆண்டில் இங்கு வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் வைத்தியம் செய்தார். மாணவருக்கு மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் முற்றாகத் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்ற வைத்தியன் பட்டினத்தை நாடுவான், தமிழிற் கற்றவன் கிராமத்தில் தங்குவான் என்பது அவர் கண்ட உண்மை.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமே? மாணவரையும் உடன் சேர்த்துக்கொண்டு தாமே அப்பணியில் இறங்கினார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஒரு பொருளுக்குத் தமிழிலே சொல் உண்டோ என்று முதலில் தேடுவார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அங்கும் கிட்டாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய அமைப்பார். கெமிஸ்தம் அவ்வாறு பிறந்த சொல்லே. கேட்பதற்குச் சற்றுக் கரடுமுரடுதான். ஆயினும் மாணவனுக்கு விளங்கியது. அவர் முயற்சியால் 4000 பக்கங்களுக்கு மேற்பட்ட வைத்திய நூல்கள் தமிழுக்குக் கிடைத்தன. 60க்கு மேற்பட்ட வைத்தியர்கள் பயிற்சி பெற்றனர்.

கிறீன் சுவிசேஷத்தை மறைத்துவைத்துக்கொண்டு மருந்து கொடுத்தவரல்லர். மருந்துக்குக் காத்திருப்போர் நடுவே வேதவாசிப்பும் செபமும் நடந்தன. அதே வேளையில், கிறிஸ்தவனாகும் தமிழன் ஆங்கிலேயனைப் போல உடுத்து ஆங்கிலேயனைப் போல நடக்கவேண்டும் என்னும் எண்ணத்தை அவர் அறவே வெறுத்தார். தமிழன் தமிழனாகவே கிறிஸ்துவைப் பின்பற்றவேண்டும் என்பது அவர் விருப்பம். நோயாளி மருந்தை வாங்கிக்கொண்டு, திருநீற்றை அழியாமலே வீடு திரும்பினால் அவர் அதனை நட்டமாக எண்ணியதாகத் தெரியவில்லை.

1873ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றி நாடு திரும்பினார். அங்கிருந்தபடியே தமிழ் நூல்களின் பணியைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் என்னும் நூல் 1883ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே அவர் காலமானார். மானிப்பாயில் அவர் நினைவாக நிற்கும் வைத்தியசாலையைக் குடாநாட்டு நேயர்கள் அறிவார்கள். மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே அவருடைய கல்லறை இருக்கிறது. தமிழருக்கு மருத்துவச் சுவிசேஷகர் என்னும் பொருள்பட ஒரு தொடர் அதிலே பொறிக்கப்பட்டுள்ளது. எத்தனை பேரை மதம் மாற்றினார் என்னும் எண்ணிக்கை அக்கல்லில் இல்லை.