இரு கலன்களும் ஒரு மூச்சும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வங்கச் சகோதரிகள் அணியும் வெண்சங்கு வளையலை நாம் நாள்தோறும் காண்கிறோம். கணவனின் நலம் வேண்டி அணியும் மங்கலப் பொருள் அது. அதற்குரிய சங்கு நெடுங்காலமாக நம் மன்னார் வளைகுடாவிலிருந்து வங்கத்துக்கு வந்தது. டாக்காவிலும் விஷ்ணுபூரிலும் வாழ்ந்த கைவினைஞர் அதனை அறுத்து வளையலாக்கினர். சென்னை மாகாணத்தில் முத்து, சங்குக் குளிப்பை மேற்பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு நூலே எழுதினார். இங்கே ஒரு பெண்ணின் மங்கலத்துக்காக, அங்கே மற்றொரு பெண்ணின் கணவன் கடலடியில் மூச்சடக்கினான் என்று எண்ணுங்கால் நெஞ்சம் நெகிழ்கின்றது.

அந்நாளைய குளியாளுக்குக் கருவி யாது? இறங்குவதற்கு ஒரு கல். ஏறுவதற்கு ஒரு கயிறு. ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சு. படகில் கயிறு பிடித்தவனே அவனுக்குக் காவல். 'மலையேறப் போனாலும் மைத்துனன் தயவு வேண்டும்' என்ற பழமொழி கடலுக்கும் பொருந்துமன்றோ?

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர், இழுக்கும்போது மட்டும் காற்றுத் தரும் ரெகுலேட்டரை அமைத்தனர். சிலிண்டருக்குள் 200 பார் அளவில் அடைபட்டிருக்கும் காற்றை, சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்துக்கு ஒப்பக் குறைத்து வாயில் தருவது அதன் தொழில். ஆழம் கூடக் கூடச் செலவும் கூடும். 10 மீட்டரில் காற்று இரு மடங்கும், 20 மீட்டரில் மும்மடங்கும் செலவாகும்.

இக்காலத்தில் சிலர் சிலிண்டரை முதுகில் சுமவாமல், விலாவுக்கு ஒன்றாக இரண்டைப் பூட்டிக்கொள்கின்றனர். இதனை 'சைடுமவுண்ட்' என்பர். 1960களில் இங்கிலாந்தின் குறுகிய நீர்க்குகைகளில் நுழைந்தோர் கைக்கொண்ட வழியிலிருந்து வளர்ந்தது இது. ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர், தனி அழுத்தமானி உண்டு. வால்வு அக்குளருகே இருப்பதால் கண்ணால் காணலாம், கையால் மூடலாம். ஆயினும் ஒன்றின் காற்று மற்றொன்றுக்குத் தானே செல்லாது. ஆகவே இரண்டையும் மாறி மாறிச் சுவாசித்தல் வேண்டும்.

கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இக்கணக்கு மிகவும் பிடித்தது. இரண்டிலும் 200 பார் இருப்பதாகக் கொள்வோம். முதலில் வலப்புறத்தை 170 வரை செலவிடுக. பின்பு இடப்புறத்தை 140 வரை; மீண்டும் வலப்புறத்தை 110 வரை. எந்நேரத்திலும் வேற்றுமை 30 பாரை மீறாது. இவ்வாறின்றி ஒன்றை முற்றும் தீர்த்துவிட்டு மற்றொன்றைத் தொட்டால், அந்த நேரத்தில் அது பழுதானால் கதி என்ன? சமமாகச் செலவிட்டவனுக்கோ, எது கெட்டாலும் எஞ்சிய காற்றில் ஏறத்தாழப் பாதி மிஞ்சும். குகைக்குள் செல்வோர் மூன்றில் ஒரு பங்கைப் போவதற்கும், ஒரு பங்கை மீள்வதற்கும் வைத்து, மூன்றாம் பங்கை ஆபத்துக்கென ஒதுக்குவர்.

மாற்றும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. அடுத்த ரெகுலேட்டரைக் கையில் பற்றி, அது எந்தச் சிலிண்டரைச் சேர்ந்ததெனத் தெளிதல் முதற்கடமை. வாயிலுள்ளதை எடுத்த கணம் முதல் சிறு குமிழிகளாக மூச்சை விட்டுக்கொண்டிருத்தல் வேண்டும், அடக்கலாகாது. புதியதை வாயிலிட்டு, ஊதி நீரை வெளியேற்றி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். அது நன்கு தந்த பின்னரே பழையதை உரிய இடத்தில் மாட்டுவது முறை. ஒற்றை இருப்புப்பாதையில் டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையாதிருந்தாரே, அதே நெறிதான்! இரண்டில் ஒன்றுக்கு நீண்ட குழாய் பொருத்துவர். அது துணைவனுக்குக் காற்றில்லாதபோது நீட்டுவதற்காகும்.

2018ஆம் ஆண்டு ஜூலையில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய 12 சிறுவரையும் பயிற்சியாளரையும் மீட்ட செய்தியை நாம் அறிவோம். குகையில் மூழ்கிப் பழகிய பிரிட்டானியரும் பிறரும் அவர்களை வெளிக்கொணர்ந்தனர். அப்பணியில், வழியில் காற்றுக் கலன்களை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் என்னும் முன்னாள் கடற்படை வீரர் ஜூலை 6 அன்று உயிர் நீத்தார். பிறர் மூச்சுக்காகச் சென்றவர் அவர். ஆண்டுகள் பல சென்றாலும் அவரை மறத்தல் தகாது.

அந்தமான் சென்று நீர்மூழ்கப் பயில நம் காலனி இளைஞர் விரும்புகின்றனர். தாய்மார் அஞ்சுவது இயல்பே. அவர்களைத் தடுக்க வேண்டுமென நான் கூறேன். தேர்ந்த ஆசானிடம் பயில்க, முதலில் ஒரு சிலிண்டரில் பழகுக, தனியே இறங்கற்க, அழுத்தமானியை அடிக்கடி நோக்குக. இவற்றை அவர்களிடம் கேட்டு உறுதி பெறுங்கள்.

அன்று குளியாளின் உயிர் படகிலிருந்தவன் கையில் இருந்தது. இன்று அக்கயிற்றின் ஒரு முனை குளிப்பவனின் கைக்கே வந்துள்ளது. போகும் மூச்சை எண்ணுபவன் பலன். மீளும் மூச்சையும் எண்ணி வைப்பவனே வீடு சேர்வான். நம் பிள்ளைகள் ஆழமும் காணட்டும். நலமே கரையும் ஏறட்டும்.