எண்ணப்படுவோரும் எண்ணப்படாதோரும்



கணக்குப் பாடத்தில் கூட்டலும் கழித்தலும் கற்கின்றோம். எவரைக் கூட்டுவது, எவரை விடுவது என முடிவு செய்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. தொழுநோய்க் கணக்கை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

உணர்ச்சியற்ற தேமல், உணர்ச்சிக் குறைவோடு தடித்த நரம்பு, தோலைக் கீறி எடுத்த திசு நீரில் நோய்க்கிருமி ஆகிய மூன்றனுள் ஒன்றேனும் உடையவர் தொழுநோயாளி ஆவார். இது மருத்துவ வரையறை. பதிவேட்டின் வரையறையோ வேறு. சிகிச்சையில் இருப்பவரே அங்கு நோயாளி. சிகிச்சை நிறைவுற்றதும் பெயர் நீக்கப்படும். விரல் மடங்கியிருப்பினும், பாதம் மரத்திருப்பினும், அவர் அக்கணக்கில் இல்லை.

பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவாக இருப்பதே ஒழிப்பு என்னும் இலக்கை 1991ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை வகுத்தது. 1990களின் பிற்பகுதியில், கிருமி மிகுந்த வகை நோய்க்கு 24 மாதச் சிகிச்சை 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. ஒரு வட்டாரத்தில் ஆண்டுதோறும் இவ்வகை நோயாளிகள் 100 பேர் புதிதாக வருவதாகக் கொள்வோம். முன்பு பதிவேட்டில் ஏறக்குறைய 200 பேர் இருந்திருப்பர். பின்பு 100 பேரே இருப்பர். சிகிச்சைக் காலம் சுருங்கியது நன்மையே. ஆயினும், நோய் பரவுவது குறையாமலே பதிவேடு பாதியாயிற்று.

2005 டிசம்பரில் இந்தியா பத்தாயிரத்துக்கு 0.95 என்னும் அளவை எட்டியது. நோயே ஒழிந்தது எனப் பலர் எண்ணினர். ஆனால் 2016-17ஆம் ஆண்டில் மட்டும் 1,35,485 பேர் புதிய நோயாளிகளாகக் கண்டறியப்பட்டனர். இவ்விரண்டும் பொய்க் கணக்குகள் அல்ல. முன்னது குறித்த ஒரு நாளில் பதிவேட்டில் இருந்தோரைச் சொல்வது. பின்னது ஓராண்டில் வந்து சேர்ந்தோரைச் சொல்வது.

இளைஞர்களே, எந்தப் புள்ளி விவரத்தைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். யாரை எண்ணினர்? ஒரு நாளைக்கா, ஓராண்டுக்கா? விடுபட்டவர் எவர்? ஒதுக்கப்படுதலின் துயரை வழிவழியாக அறிந்த நாம் இம்மூன்றாம் வினாவை மறத்தலாகாது.

ஊராரின் ஏச்சுக்கு அஞ்சித் தேமலை மறைப்பவர் எந்தக் கணக்கிலும் இல்லை. அத்தகையோர் நம் தெருவில் இருப்பின், அன்போடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். மருந்து இலவசம்; நோய் முற்றிலும் குணமாகும். விரல் மடங்குமுன் அவர் பெயர் பதிவேட்டில் ஏறட்டும். அதனால் எண்ணிக்கை உயர்ந்தால் உயரட்டும். அவ்வுயர்வுக்கு நாம் நாண வேண்டியதில்லை.